உள்ளே திட்டக் கூடாத வீடு

அந்த வீடு எழுந்து கிளம்பிப் போனது ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில், நகரசபையில் ஒருவரும் நாற்காலியில் இல்லாதபோது. போகும்போது தன்னுடையதை எல்லாம் எடுத்துக்கொண்டது: மாடிப்படி, கொல்லைக் கதவு, ஜன்னலடியில் இருந்த தையல் மெஷின், அடுப்பில் ஏற்றியிருந்த பால். நகரசபை அதன்மேல் அடித்து வைத்திருந்ததை எல்லாம் மண்ணில் உதிர்த்துவிட்டுப் போனது: கதவிலக்கத் தகடு, தண்ணீர் மீட்டர், வரி நோட்டீஸ், ‘இது சரித்திரச் சின்னம், இங்கே சிறுநீர் கழிக்காதீர்’ என்ற பலகை. கோவித்துக்கொண்டு போய்விட்டது என்று ஊர் பேசிக்கொண்டது. ஊர் சொல்வதில் எப்போதும் பாதிதான் சரியாக இருக்கும். மீதிப் பாதி தெரியவரக் கொஞ்ச நாள் பிடித்தது, அதற்குள் நகரசபை தன்னால் முடிந்த கோமாளித்தனத்தை எல்லாம் செய்து முடித்திருந்தது.

வீட்டைக் கட்டியவர் ஒரு கயிறு வியாபாரி. குடிபுகுந்த அன்று வந்த உறவினர்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, சாப்பிட்டவர்கள் எல்லோரும் செய்வதுபோல வாய்க்கு வந்தபடி வீட்டைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் கூடத்தை ஒட்டி, மேஸ்திரி கட்டாத ஓர் அறை இருந்தது. கயிறு வியாபாரி மேஸ்திரியை வரச்சொல்லிக் கேட்டார். மேஸ்திரி அறையைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார், வேலை சுத்தமாக இருந்தது, ஆமாம் நான்தான் கட்டினேன் என்று கூலி வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மாதம் சின்ன மைத்துனன் குளித்துக்கொண்டே, இது குளியலறையா கோழிக்கூண்டா என்று சலித்துக்கொண்டான். சொன்ன வாயை மூடுவதற்குள் குளியலறை இல்லை. தலை நிறையச் சோப்பு நுரையோடு அவன் திறந்த கொல்லையில் நின்றான். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் நிதானமாகப் பார்த்து முடித்துவிட்டுத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இப்படித்தான் அந்த வீட்டின் குணம் தெரியவந்தது: புகழ்ந்தால் வளரும், திட்டினால் குறையும். ஆனால் யார் சொன்னாலும் அல்ல. அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீராவது குடித்தவர் சொல்ல வேண்டும். தெருவில் போகிறவன் பேச்சை அது என்றைக்கும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

ஆகவே அந்தக் குடும்பத்தில் ஒரு பழக்கம் வந்தது. வீட்டைக் குறை சொல்லத் தோன்றினால் செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவைக் கடந்து, எதிர்ப்பக்கத்து விளக்குக்கம்பத்தடியில் நின்று சொல்ல வேண்டும். கூரை ஒழுகினால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குடையில் கம்பத்தடிக்குப் போய், ஒழுகுகிறதே ஒழுகுகிறதே என்று புலம்பித் தீர்த்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ‘கூரைன்னா இது கூரை’ என்று சொல்லியபடி உள்ளே வருவார்கள். கொத்தனாரிடம் பேரம் பேசுவதும் கம்பத்தடியில்தான். உள்ளே வந்ததும் அவர் கட்டடத்தின் அழகைப் பார்க்க வந்தவர்போல அண்ணாந்து நிற்க வேண்டும், நடுநடுவே கை தவறியதுபோல விரிசலைப் பூச வேண்டும். ஓர் அறையைக் காலி செய்து கட்டிலை வேறு அறைக்கு மாற்றுவது வாய்விட்டுத் திட்டுவதைவிடப் பெரிய அவமரியாதை, ஆகவே யார் எங்கே படுக்க ஆரம்பித்தாரோ அங்கேயே கடைசிவரை படுத்தார். மாப்பிள்ளைகளைக்கூட அந்தக் குடும்பம் இவ்வளவு தாங்கியதில்லை. மாப்பிள்ளைகளுக்கு அந்த வருத்தம் உண்டு, அதையும் அவர்கள் கம்பத்தடியில்தான் சொல்லிக்கொண்டார்கள்.

வீட்டுக்குச் சரித்திரம் சேர்ந்தது ஒரு மழையால். நாடெல்லாம் பெயர் தெரிந்த ஒரு பெரிய மனிதர் அந்தத் தெரு வழியாகப் போகையில் மழை பிடித்துக்கொள்ள, வாசலில் ஒதுங்கினார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அண்ணாந்து பார்த்தார். ‘பரவாயில்லை’ என்றார். மழை விட்டதும் போய்விட்டார். வீட்டுக்கு அது மெச்சினதா, குறை சொன்னதா என்று பிடிபடவில்லை. கிழக்குப் பாதி மெச்சினதாக எடுத்துக்கொண்டு மேலே ஒரு மாடி போட்டது. மேற்குப் பாதி மனசு நொந்து, இருந்த மாடியையும் விட்டது. அன்றிலிருந்து வீடு ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஆள்போல இருந்தது. கட்டடக்கலை படிக்கிறவர்கள் கூட்டமாக வந்து, இரண்டு காலத்துப் பாணிகள் இங்கே சங்கமிக்கின்றன என்று எழுதிக்கொண்டு போனார்கள், ஆளுக்கு ஒரு பட்டமும் வாங்கினார்கள்.

தையல்காரி அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். வந்த அன்றே, ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல், வாசற்படியில் நின்று எவ்வளவு வெளிச்சம் என்று சொன்னாள். கூடத்துச் சுவரில் ஒரு ஜன்னல் திறந்தது. அந்த ஜன்னலடியில் மெஷினைப் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடையும் மருத்துவமனைத் திரைச்சீலையுமாக முப்பது வருஷம் தைத்துத் தள்ளினாள். புருஷன் தங்கமான ஆள், கொஞ்சம் இருமுவான். அவன் பிறந்ததும் படுத்ததும் மேற்குப் பக்கத்து அறையில். அந்த அறைச் சுவரில் கை வைத்தால் ஜில்லென்று இருக்கும். இருமல் வருஷத்துக்கு வருஷம் நீண்டு, ஒரு குளிர்காலத்தில் ஆளையே கொண்டுபோய்விட்டது. அதன்பிறகு பல மாதம் அவள் வீட்டை மெச்சவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. வீடும் வளரவில்லை, குறையவில்லை. ஒருநாள் விடிந்தபோது மெஷினுக்குப் பக்கத்தில், எழுந்திருக்காமலே கை எட்டும் உயரத்தில், நூல்கண்டு வைக்க ஒரு சின்ன அலமாரி சுவரில் இருந்தது. அவள் கண்டுகளை எடுத்து அதில் அடுக்கினாள். அவளுடைய நாத்தனார் நகரத்தின் மறுகோடியில் மூன்றாம் மாடியில் குடியிருந்தாள், வந்துடுங்க அண்ணி என்று வாராவாரம் கூப்பிட்டாள். மெஷின் போட இடமில்லை என்று தையல்காரி சாக்குச் சொன்னாள். உண்மை என்னவென்றால், அவளுக்கு வேறு போக்கிடம் வேண்டாம், அந்த வீட்டுக்கும் அவளை விட்டால் நாதி இல்லை.

நகரசபைக்கு அந்த வீட்டின்மேல் முதலில் வந்தது பாசம் அல்ல. கடைத்தெருவில் கார் நிறுத்த இடம் போதவில்லை, ஆகவே வீட்டை இடித்துத் தரையாக்கிவிடுவது என்று தீர்மானம் போட்டுவைத்திருந்தார்கள். மேயரை ஊரில் கத்தரி என்றுதான் சொல்வார்கள். ஒரு திறப்பு விழாவில் கொடுத்த கத்தரிக்கோல் மொக்கையாக இருந்து, ரிப்பனைப் பல்லால் கடிக்க வேண்டிவந்த நாளிலிருந்து, சட்டைப்பையில் சொந்தக் கத்தரியோடு திரிபவர். அவருக்கு ஒருநாள் ஒரு செய்தி வந்தது: அடுத்த ஊர் மேயர் ஒரு பாழுங்கிணற்றைக் காட்டி, பழைய கட்டடங்களைக் காக்கும் நிதியம் ஒன்றிடம் மானியம் வாங்கிவிட்டார். அன்று கத்தரிக்குச் சோறு இறங்கவில்லை.

“கிணத்தக் காட்டி அவன் வாங்குறான். நம்மகிட்ட முழுசா ஒரு வீடே இருக்கு, அத இடிக்கப் போறோம். நமக்கெல்லாம் மூளை இருக்கா?” என்று கூட்டத்தில் கேட்டார்.

உண்மையைச் சொல்லும் துணிச்சல் யாருக்கும் இல்லை. இடிப்புக் கோப்பின் அட்டையைக் கழற்றித் திருப்பிப்போட்டு, வெள்ளையாக இருந்த பக்கத்தில் ‘பாதுகாப்பு’ என்று எழுதினார்கள். விண்ணப்பம் எழுதும் பொறுப்பு திட்டப் பிரிவு அதிகாரிக்கு வந்தது. அவருக்கு இணைப்பு என்று பெயர், எதைக் கேட்டாலும் ‘இணைப்பில் காண்க’ என்பதால். அவருடைய கல்யாணப் பத்திரிகையில் மணமகள் பெயர் இருக்கவேண்டிய இடத்திலும் அப்படித்தான் போட்டிருந்தது என்பது ஊர்வாய், நான் பார்த்ததில்லை.

கத்தரியும் இணைப்பும் தையல்காரியைப் பார்க்க வந்தார்கள். இரண்டு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கத்தரி தன் பையிலிருந்த பாட்டில் தண்ணீரைக் குடித்தார். இணைப்பு அவள் கொடுத்ததைக் குடித்தார். மேயர் விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார்: “மானியம் வந்தா வீடு நிக்கும்மா. நீங்களே காவலுக்கு இருந்துக்கலாம், உங்க காலம் வரைக்கும். வரலைன்னா இடிச்சிருவோம், அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது.” அவள் கத்தரி தொடாத தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, நான் என்ன செய்யணும் என்று மட்டும் கேட்டாள். ஒண்ணும் செய்ய வேணாம், இவரு தினம் வந்து உக்காந்து எழுதுவாரு என்றார் கத்தரி.

விண்ணப்பத்துக்கு இரண்டு பாகம். இந்த வீடு எவ்வளவு உயர்ந்தது என்பது முதல் பாகம், எவ்வளவு கேடுகெட்ட நிலையில் இருக்கிறது என்பது இரண்டாம் பாகம். கட்டடத்துக்குள்ளேயே உட்கார்ந்து எழுத வேண்டும் என்பது நிதியத்தின் விதி, எழுதுவதை வாய்விட்டுப் படித்தால்தான் அடுத்த வரி வரும் என்பது இணைப்பின் விதி. வீட்டின் குணம் நகரத்தில் தெரியாதவர்கள் இல்லை. கொஞ்சம் அழகு கூடினால் நல்லதுதானே, போட்டோ நன்றாக வருமே என்று தெரிந்தே துணிந்தார்கள். ‘ஒப்பற்ற’ என்று இணைப்பு படித்த மறுநாள் வாசலில் தூண்கள் நின்றன. ‘காலத்தை வென்ற கம்பீரம்’ என்று படித்த மறுநாள் மேற்குப் பாதியில் உப்பரிகை வந்தது. ‘கலைநுணுக்கம்’ என்ற சொல்லுக்கு ஜன்னல்களில் எல்லாம் கொடியும் பூவுமாகச் செதுக்கு வேலை பூத்தது. ஒரு வார முடிவில் முன்முற்றத்தில் நீரூற்று பீய்ச்சியடித்தது, தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று குடிநீர்ப் பிரிவு இன்றுவரை தேடுகிறது. தையல்காரிக்குச் சமையலறை எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு காலையும் தேட வேண்டியிருந்தது. அவளுக்கு வீடு சந்தோஷமாக இருப்பதில் சந்தோஷம்தான், ஆனால் புருஷன் படுத்திருந்த மேற்கறைச் சுவரைப் போய்த் தொட்டுப் பார்த்தாள். பூவேலைக்குக் கீழே அது ஜில்லென்றுதான் இருந்தது.

கத்தரி வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். “இதுக்கு எவன்யா மானியம் குடுப்பான்? இத அடகு வெச்சா நாம அவங்களுக்கு மானியம் குடுக்கலாம்.” நிதியத்தின் மதிப்பீட்டாளர் வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வளர்ந்ததைக் குறைக்க வேண்டும், குறைக்கத் திட்ட வேண்டும். கவுன்சிலர்களைக் கூட்டிவந்து கூடத்தில் நிற்கவைத்துத் திட்டச் சொன்னார். அவர்கள் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலோடு வந்திருந்தார்கள், ஆகவே வீடு அவர்களைப் பொருட்படுத்தவில்லை. பழக்கதோஷத்தில் அவர்கள் கொஞ்ச நேரத்தில் ஒருவரையொருவர் திட்ட ஆரம்பித்து, இரண்டு பேருக்குச் சட்டை கிழிந்தது. தையல்காரி தைத்துக் கொடுத்தாள். கடைசியில் இணைப்பு எழுந்து நின்று இரண்டாம் பாகத்தைப் படித்தார்: ‘கட்டமைப்பு சார்ந்த சீர்கேடுகள் பரவலாக அவதானிக்கப்படுகின்றன.’ வீடு இதையும் ஏதோ விருது என்று நினைத்துக்கொண்டு இன்னொரு தூண் போட்டது. புகழ்ச்சி எந்த மொழியில் வந்தாலும் புரிந்துவிடும், வசவு வீட்டுப் பேச்சில் வந்தால்தான் உறைக்கும்.

எல்லோரும் தையல்காரியைப் பார்த்தார்கள். அவள் முடியாது என்றாள். கத்தரி மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஒரு நாள் திட்டுங்கம்மா. மறுநாள் கொஞ்சிக்கோங்க. குடும்பத்துல நடக்காததா? உங்க மேலதான் அதுக்கு உசுரு. நீங்க சொன்னாத்தான் உறைக்கும்.” அவள் தைப்பதை நிறுத்தவில்லை. அவர் எழுந்து போகும்போது, இடிக்கிற இயந்திரத்துக்கு ஏற்கெனவே சொல்லிவைத்திருப்பதையும் சொல்லிவிட்டுப் போனார். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை, அவருக்கு மறைத்துப் பேசத் தெரியாது. அன்று மாலை அவள் மெஷினைத் துடைத்து மூடிவிட்டு, சுவரில் கை வைத்து, நாளைக்கு நான் என்ன சொன்னாலும் மனசில் வைத்துக்கொள்ளாதே, உன்னைக் காப்பாற்றத்தான் என்றாள். வீடு கேட்டுக்கொண்டது. அதற்கு நாடகம் பிடிக்கும் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

மதிப்பீட்டாளர் ஒரு நடுவயதுப் பெண், கையில் சுவரைத் தட்டிப் பார்க்கும் குட்டிச் சுத்தியல், அதிகம் பேசாதவர். தையல்காரி கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, ஆரம்பிக்கலாம் என்றார். தையல்காரி கூடத்தின் நடுவில் நின்றாள். நான்கு தலைமுறையில் ஒருவரும் வேண்டுமென்று செய்யாத காரியம், நாக்கு எழவில்லை. கத்தரி பின்னால் நின்று, ம், ம் என்று கையை ஆட்டினார்.

“ஒழுகுற,” என்றாள்.

நீரூற்று நின்றது. கூரை ஓரமாக ஒரு கீறல் விட்டது.

“படி ஒண்ணொண்ணும் ஒரு உயரம். எத்தன தடவ விழுந்திருக்கேன். சமையக்கட்டுல நிமிந்து நிக்க முடியாது. கொல்லைக் கதவத் தெறக்க ரெண்டு ஆள் வேணும்.”

ஒவ்வொன்றுக்கும் வீடு அளவு பார்த்துக் கொஞ்சம் உதிர்ந்தது. தூண்களில் சாய்வு கண்டது. உப்பரிகையின் கைப்பிடி, மதிப்பீட்டாளர் சரியாகப் பார்க்கும் நேரம் பார்த்து, பெருமூச்சோடு ஒரு பக்கம் தொங்கியது. ஒரு ஜன்னல் கதவு தேவைக்கு மேலேயே கிரீச்சிட்டது. மதிப்பீட்டாளர் தட்டித்தட்டிப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தார். கத்தரியின் முகத்தில் அடுத்த ஊர் மேயர் தோற்றுக்கொண்டிருப்பது தெரிந்தது. இப்படியே மேற்கறைக்கு வந்து சேர்ந்தார்கள். கட்டில் அங்கேயே கிடந்தது. மதிப்பீட்டாளர் சுவரைத் தட்டினார், ஈரமண்ணைத் தட்டினதுபோலச் சத்தம் வந்தது. இங்கே என்ன என்று கேட்டார்.

“இந்த ரூம் ஈரம்,” என்றாள் தையல்காரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். கத்தரிகூடப் போதும் என்று கையைக் காட்டினார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

“ஈரம்னு ஒனக்கும் தெரியும். அவரு விடிய விடிய இருமுனது ஒனக்குக் கேக்கலையா? கட்டில எடுத்து அந்தப் பக்கம் போட்டிருந்தாப் போதும். போட்டா நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவேன்னு அவரு வேணாம்னுட்டாரு. நானும் சரின்னுட்டேன். கம்பத்துக்கிட்ட போய் நின்னு, ஈரமா இருக்கு ஈரமா இருக்குன்னு கம்பத்துக்கிட்ட சொல்லிட்டு, கண்ணத் தொடச்சிக்கிட்டு உள்ள வந்து, ரூம்னா இது ரூம்னு சொன்னேன். தெனம் சொன்னேன். அவரு போன அன்னிக்குக் காலையிலகூட அதத்தான் சொன்னேன். ஒரு மனுஷன் செத்துக்கிட்டு இருக்கான், நான் சுவத்துக்கு மனசு நோகக் கூடாதுன்னு பாத்தேன்.”

கீறல் ஏதும் விழவில்லை. பூச்சு உதிரவில்லை. கிரீச்சிட்டுக்கொண்டிருந்த ஜன்னல் கதவு பாதியில் நின்றது. மதிப்பீட்டாளர் சுத்தியலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கத்தரிக்கு அழுகிறவர்களிடம் என்ன பேசுவது என்று எப்போதும் தெரிந்ததில்லை, சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று சொல்லி எல்லோரையும் ஓட்டலுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

தையல்காரி செருப்புகூட மாட்டாமல் தெருவைக் கடந்து கம்பத்தடிக்குப் போனாள். முப்பது வருஷப் பழக்கம், கால் தானாகப் போயிற்று. அங்கே போனதும் சொல்லக் குறை ஒன்றும் மிச்சம் இல்லை. நல்ல வீடு என்றாள் கம்பத்திடம். கோவத்துல பேசிட்டேன், ஜன்னல் குடுத்தது, அலமாரி குடுத்தது, ஒத்தையில இருந்தவளுக்குத் தொணையா இருந்தது என்றாள். திட்ட வேண்டியதை உள்ளேயும் மெச்ச வேண்டியதை வெளியேயும் சொல்லிவிட்ட முதல் ஆள் அந்தக் குடும்பத்தில் அவள்தான். தெருவின் அகலத்தைத் தாண்டி வீட்டுக்குக் காது கேட்காது. சேறு படாமல் துணியைத் தூக்கிக்கொள்கிறவள்போல வீடு அஸ்திவாரத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு எழுந்தது. மின்கம்பிகளுக்குக் குனிந்தது. முச்சந்தியில் போக்குவரத்துக் காவலர் மற்ற வண்டிகளுக்குக் கை காட்டி நிறுத்தி அதற்கு வழிவிட்டார். ஒரு பஸ் டிரைவர் வாயில் வரக்கூடாத வார்த்தை எல்லாம் சொன்னார், ஆனால் அவர் அந்த வீட்டில் தண்ணீர் குடித்தவர் இல்லை. வீட்டின் பின்னாலேயே அவள் ஓடியிருக்கலாம். அவ்வளவும் பேசிவிட்டு எந்த முகத்தோடு ஓடுவது என்று தையல்காரி கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

சாப்பிட்டு வந்தவர்கள் வெறும் மண்ணைப் பார்த்தார்கள். மதிப்பீட்டாளர் ஆபத்து எந்த அளவு என்ற இடத்தில் ‘உடனடி’ என்று எழுதி, அதன்கீழ் இரண்டு கோடு போட்டுவிட்டு ஊருக்குப் போனார். இவ்வளவு அவசரமான கட்டடம் நிதியத்தின் வரலாற்றிலேயே இல்லை என்பதால் மானியம் சீக்கிரமே வந்துவிட்டது. வந்த பணத்தைத் திருப்பி அனுப்பும் வழக்கம் நகரசபையில் கிடையாது. இல்லாத வீட்டைச் சுற்றி மதில் கட்டினார்கள், நுழைவாயில் வைத்தார்கள், நுழைவுச்சீட்டு போட்டார்கள். உள்ளே கண்ணாடிப் பெட்டியில் கதவிலக்கத் தகடும் தண்ணீர் மீட்டரும் காட்சிக்கு இருக்கின்றன, மீட்டர் இன்றும் ஓடுகிறது. இணைப்பு, வீட்டின் தற்போதைய நிலை என்ற இடத்தில் ‘இணைப்பில் காண்க’ என்று எழுதி, காலி மனையின் போட்டோவை இணைத்தார். கத்தரி ரிப்பன் வெட்டினார். பார்க்க வருகிறவர்களின் வண்டிகளுக்கு இடமில்லாமல் போகவே, மதிலுக்கு உள்ளேயே நிறுத்திக்கொள்ள அனுமதித்தார்கள், ஆகக் கார் நிறுத்துமிடமும் வந்துவிட்டது. கத்தரி வாக்குத் தவறாதவர். தையல்காரிக்குக் காவலாளி நியமனக் கடிதம் கொடுத்து, வீடு இருந்த இடத்தில் அவள் தன் காலம்வரை குடியிருக்கலாம் என்றார். அவள் கடிதத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அவள் நாத்தனாரின் மூன்றாம் மாடியில் இருந்தாள். நாத்தனார் அதே வீட்டில் பிறந்தவள், கல்யாணமாகி வெளியே வந்த நாளிலிருந்து சேர்த்துவைத்து வஞ்சம் தீர்ப்பவள்போலத் தன் வீட்டைத் திட்டுவாள். இது வீடா தீப்பெட்டியா என்பாள், இந்தக் குழாயைக் கண்டுபிடித்தவன் விளங்குவானா என்பாள். ஒவ்வொரு தடவையும் தையல்காரி பதறிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொள்வாள். “சும்மா இருங்க அண்ணி. இதுக்கெல்லாம் காது கெடையாது,” என்று நாத்தனார் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் தையல்காரிக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அழுகை வந்தது. மெஷின் இல்லாமல் கையால் பொத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது: திட்டினதற்காகப் போனதா, திட்டினது நிஜம் என்பதற்காகப் போனதா.

ஒருநாள் நாத்தனார் கடைக்குப் போய் மூச்சிரைக்க வந்தாள். “அண்ணி, உங்க வீடு ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் மேட்டுல உக்காந்திருக்காம். பஸ்காரன் சொன்னான். ஊருக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்காம், அவ்ளோ கோவம்.” இருவரும் பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் சாலையோரத்தில் அவர்களுக்குத் தெரிந்த சாமான்களாகக் கிடந்தன. முதல் வளைவில் ஒரு தூண், அதில் யாரோ ஆட்டைக் கட்டியிருந்தார்கள். சைக்கிள் கடைக்காரர் உப்பரிகையைக் கவிழ்த்துப்போட்டு டயர் அடுக்கியிருந்தார். நீரூற்று ஒரு பெட்டிக்கடை வாசலில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தது. வெறும் வாய்ப் புகழ்ச்சியில் வாங்கியதை எல்லாம் வீடு வழிநெடுக இறக்கிவைத்துவிட்டுப் போயிருந்தது.

மேடு மொட்டையாக இருந்தது, ஒரு மரத்து நிழலோ மதில் நிழலோ விழாத இடம். வீடு ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது நிஜம். நாத்தனார், பாத்தீங்களா என்றாள். தையல்காரி சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனாள். கூடமும் சமையலறையும் மேற்கறையும்தான் மிச்சம் இருந்தன. கூடமும் சமையலறையும் பின்னால் ஒண்டிக்கொண்டிருக்க, மேற்கறையை முன்னால் நீட்டி, காலையிலிருந்து சாயங்காலம்வரை வெயில் விழும் பக்கமாகத் திருப்பி, அதன் ஜன்னல்களை எல்லாம் அகலத் திறந்துவைத்துக்கொண்டு, வீடு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அன்றைய தேதிவரை அது யார் சொல்லியும் இடத்தைவிட்டு நகர்ந்ததில்லை. அறை ஈரம் என்று அவளுக்கு முன்னால் யாரும் அதனிடம் சொன்னதும் இல்லை.

தையல்காரி உள்ளே போனாள். பாலை மட்டும் அதற்குப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை, அடுப்பில் தீய்ந்து கரியாகியிருந்தது. மெஷின் ஜன்னலடியில் இருந்தது, அலமாரியில் நூல்கண்டுகள் வைத்த வரிசையிலேயே இருந்தன. மேற்கறைக்குப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சூடாக இருந்தது. இன்னொரு சுவரில் வைத்தாள், கீழே தரையோரமாக வைத்தாள், கட்டிலுக்குப் பின்னால், அவன் தலை வைத்துப் படுக்கும் இடத்தில் வைத்தாள். பொருக்குத் தட்டிய சுண்ணாம்பு கையில் தூளாக வந்தது.

“இப்பக் காஞ்சு என்ன பண்றது?” என்று கேட்டாள். உள்ளே நின்று, வாய்விட்டு, நாத்தனார் வாசலில் நடுங்கும்படி கேட்டாள். “அவரு இருக்கும்போது காஞ்சிருக்கக் கூடாதா? நான் அவரு இருக்கும்போது சொல்லியிருக்கக் கூடாதா?”

சுவர் அப்படியே நின்றது. ஒரு பூச்சு உதிரவில்லை. அவள் கட்டிலில் உட்கார்ந்து, அவன் போன நாளில்கூட அழாத அளவுக்கு அழுதாள். பொழுது சாய்கையில் எழுந்து முகம் கழுவினாள். பிறகு கட்டிலின் ஒரு தலையைப் பிடித்துக்கொண்டு, மறுதலையைப் பிடிக்க நாத்தனாரைக் கூப்பிட்டாள். நாத்தனார், வேணாம் அண்ணி, கட்டில மாத்தக் கூடாது அண்ணி என்றாள், மூன்றாம் மாடிக்காரிக்கும் பிறந்த வீட்டுப் பயம் போகவில்லை. தையல்காரி இழுத்தாள். அந்தக் கட்டில் அந்த அறைக்குள்ளேயே வைத்துச் செய்தது, வாசல் வழியாக வெளியே வரும் அளவு அல்ல. நிலைப்படியில் இடிக்கப்போகிறது என்று இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். இடிக்கவில்லை. நிலை இரண்டு பக்கமும் கொஞ்சம் விலகிக்கொடுத்தது, கட்டில் கூடத்துக்கு வந்ததும் பழையபடி நெருங்கிக்கொண்டது. கட்டிலை ஜன்னலுக்குக் கீழே போட்டார்கள்.

இப்போது அவள் அங்கேதான் இருக்கிறாள். துணி தைக்கக் கொடுப்பவர்கள் பஸ் ஏறி வருகிறார்கள். மெஷினை மிதித்துக்கொண்டே அவள் வாசற்படியைத் திட்டுவாள், கதவைத் திட்டுவாள், நன்றாக இருப்பதை நன்றாக இருக்கிறது என்றும் சொல்வாள், வீடு அதற்காக வளர்வதும் இல்லை, குறைவதும் இல்லை. கதவை மட்டும் ஒரு வாரத்தில் சரிசெய்துகொண்டது. கத்தரி ஒரு தடவை வந்து, வீட்டைத் திரும்ப அழைக்கும் நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனார். நோட்டீஸ் ஒட்டிய அளவுக்குப் பூச்சைக் கழற்றி வீடு அதைக் கீழே போட்டது. மேடு அடுத்த ஊர் எல்லைக்குள் வருகிறது என்று சொல்லி அந்த ஊர் மேயர் புதிதாக ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார், தண்ணீர் கேட்டால் தையல்காரி வெளியே கொண்டுவந்துதான் கொடுக்கிறாள். நகரத்தில் அந்த விளக்குக்கம்பத்தடியில் இன்றும் மாலையில் ஆட்கள் வந்து நின்று தங்கள் வீட்டைப் பற்றி முணுமுணுத்துவிட்டுப் போகிறார்கள். மேற்கறையில் அவள் தைத்து முடித்த துணிகளை மடித்து அடுக்குகிறாள், மழைக்காலத்திலும் ஒரு துணியில் பூசணம் பிடித்ததில்லை. மாதம் போகப்போக வெயில் விழும் கோணம் மாறும் அல்லவா, அதற்குத் தக்கபடி வீடும் மேட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி உட்காருகிறது. பஸ்காரர்களும் அதைப் பார்த்து, வாசல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நிறுத்துகிறார்கள்.